கூத்துக் கொப்பியை எங்கே வைப்பது? வாட்ஸ்அப், டெலிகிராம், ஸூம், கூகுள் டாக்ஸ்: ஒரு கூத்துக் கழகத்தின் ஒப்பீடு

மட்டக்களப்பில் ஒரு கூத்தைப் பழகத் தொடங்கினால் முதலில் நடப்பது சட்டம் கொடுத்தல். கூத்தின் பாட்டுகள் முழுவதும் எழுதிய கொப்பியிலிருந்து ஒவ்வொரு வேடத்துக்கும் உரிய பாட்டுகளைத் தனித்தனித் தாளில் எழுதி, கோயில் முன்றலில் விளக்கேற்றி, கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் தன் கையால் ஆட்டக்காரரின் கையில் கொடுப்பார். வாங்கியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள எங்கள் கழகத்தில் போன முறை மூன்று பேருக்குச் சட்டம் வாட்ஸ்அப்பில் போனது. ஒருவர் துபாயில் வேலை செய்கிறார், ஒருவர் கொழும்பில், ஒருவர் பேராதனையில் படிக்கிறார். தாளைப் படமெடுத்து அனுப்பினோம். துபாயில் இருப்பவர் கைத்தொலைபேசித் திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகச் சொன்னார். அண்ணாவியார் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.

அடுத்த கூத்துக்கு ஆட்டக்காரர், பிற்பாட்டுக்காரர், உடுப்பு வேலை செய்பவர்கள், கணக்குப் பார்ப்பவர்கள் என்று நாற்பத்தாறு பேர் சேர்ந்திருக்கிறோம். அவர்களில் ஒன்பது பேர் ஊரில் இல்லை. விடுமுறைக்கு வந்து ஆடப்போகிறவர்களும் உண்டு, இனி ஆட வராவிட்டாலும் பாட்டு முழுவதும் மனப்பாடமாக வைத்திருக்கும் சுவிஸ் மச்சான் போன்றவர்களும் உண்டு. எல்லோரும் சேர்ந்து வேலை செய்ய எந்தச் செயலியை நம்புவது என்று கழகக் கூட்டத்தில் கேள்வி வந்தது. செயலாளர் என்பதால் ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இதே கேள்வி வேறு கழகங்களுக்கும், கோயில் சபைகளுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும் இருக்கும் என்பதால் நான் கண்டதைப் பொதுவில் எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் ஏட்டண்ணாவியார் (ஏட்டைப் பார்த்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்), எழுபத்து நான்கு வயது, ஒரு கூத்தின் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடிப் பேரனின் தொலைபேசியில் குரற்பதிவாகக் குழுவுக்குப் போட்டார். ஏறத்தாழ அறுபது பாட்டுகள். விருத்தம், கொச்சகம், தரு என்ற பாட்டு வகைகள் எல்லாம் அவற்றில் இருந்தன. சிலர் உடனே கேட்டார்கள். சிலர் பிறகு கேட்கலாம் என்று விட்டார்கள். சிலரின் தொலைபேசியில் இடம் நிறைந்துபோய் எதுவுமே இறங்கவில்லை. பல மாதங்கள் கழித்துப் பழகத் தொடங்கியபோது அழுத்திப் பார்த்தால், இந்தக் கோப்பு இப்போது கிடைக்காது, அனுப்பியவரை மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள் என்று வந்தது. அனுப்பிய பேரன் அதற்குள் தொலைபேசி மாற்றிவிட்டான். பழையதைச் சேமித்து வைக்கவில்லை. வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரின் தொலைபேசியிலும் தேடி எடுத்தோம். பதினொரு பாட்டுகள் யாரிடமும் கிடைக்கவில்லை. அண்ணாவியாருக்கு இடையில் தொண்டையில் நோய் வந்து, குரல் இறங்கிவிட்டது.

வாட்ஸ்அப் ஒரு பெட்டகம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது தபால்காரர். கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கும், கொடுத்த பிறகு வைத்திருப்பது நம் வேலை. ஒலியும் படமும் அதன் சேமிப்பகத்தில் கொஞ்ச காலமே தங்கும். அதற்குள் நம் தொலைபேசியில் இறங்கியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதை அன்றைக்கே அறிந்திருந்தால் பதினொரு பாட்டுகள் போயிருக்காது. ஆகவே இந்த ஒப்பீட்டில் எது நல்ல செயலி என்று நான் கேட்கவில்லை. கூத்துக்கு நான்கு வேலைகள் இருக்கின்றன: ஆட்களைக் கூப்பிடுவது, பாட்டையும் ஆட்டத்தையும் பழகுவது, கொப்பியைத் திருத்துவது, எல்லாவற்றையும் வைத்திருப்பது. ஒவ்வொரு வேலைக்கும் எது பொருந்தும் என்று தனித்தனியே பார்த்தேன்.

கூப்பிடுவதற்கு

இதில் பெரிய விவாதம் தேவையில்லை. வாட்ஸ்அப்தான். நாற்பத்தாறு பேரில் நாற்பத்து மூன்று பேரிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. எழுதத் தயங்குகிற முதியவர்கள் குரலில் பேசி அனுப்புகிறார்கள். இங்கே பலர் வாங்குவது சமூக ஊடகங்களுக்கு மட்டுமான மலிவு டேட்டாப் பொதி. அதில் வாட்ஸ்அப், முகநூல் போன்ற சில மட்டுமே ஓடும். வெள்ளாமை வேலையில் நாட்கூலிக்குப் போகும் ஒருவரிடம் போய், வேறு செயலி நன்றாக இருக்கிறது, அதற்காகத் தனியாக டேட்டா போடு என்று எப்படிச் சொல்வது? ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம் என்பதால் இடம் போதாது என்ற பேச்சுக்கும் இடமில்லை.

குறை ஒன்று உண்டு. காலை வணக்கம், சாமிப் படம், பிறந்தநாள் வாழ்த்து இவற்றுக்கு நடுவே "இன்றைக்குப் பழக்கம் எட்டு மணிக்கு" என்ற ஒரு வரி புதைந்துபோகும். இதற்கு மருந்து 2018 முதல் அந்தச் செயலியிலேயே இருக்கிறது: நிர்வாகிகள் மட்டும் செய்தி போடக்கூடிய குழு. அப்படி இரண்டாவது குழு ஒன்றைத் தொடங்கி, பழக்க நேரம், இடம், உடுப்புக்கான காசு ஆகிய மூன்றையும் மட்டும் அதில் போடத் தீர்மானித்தோம். பேச்சும் வாழ்த்தும் பழைய குழுவில் அப்படியே நடக்கட்டும். அதை நிறுத்தினால் குழு செத்துப்போகும். துபாயில் அறையில் தனியாக இருப்பவருக்கு அந்தக் காலை வணக்கமும் ஊர்தான்.

வைபர் ஒரு காலத்தில் எங்கள் பக்கம் நிறைய ஓடியது. இப்போது வெளிநாட்டு உறவினர்களோடு பேசும் சில வீடுகளில்தான் இருக்கிறது. முகநூலை அரங்கேற்ற அறிவிப்புக்கும் படங்களுக்கும் மட்டும் பயன்படுத்தலாம். பழக்கத்தை ஒழுங்கு செய்ய அது உதவாது. யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று பிடிபடாது.

ஆனால் எந்த ஒரு செயலியையும் தனித்து நம்பக்கூடாது என்பதை இந்த மாகாணத்தில் இருப்பவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஓர் உணவகத்து உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு வதந்தி கிளம்பியது. காணொளி முகநூலில் பரவியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்தில் வன்முறை மூண்டபோது அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. இலங்கையில் நடந்ததில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாளிலும் மீண்டும் முடக்கம், அது ஒரு கிழமைக்கு மேல் நீடித்தது. 2022 ஏப்ரல் 3 அன்றும் முடக்கினார்கள். 2021 ஒக்டோபர் 4 அன்று யாரும் முடக்காமலேயே வாட்ஸ்அப்பும் முகநூலும் உலகம் முழுவதும் ஆறு மணித்தியாலம்வரை நின்றன. அதனால் ஊரை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இருவரின் சாதாரணத் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்திருக்கிறோம். செயலி நின்றால் அழைப்பு. அழைப்பும் நின்றால் கோயில் ஒலிபெருக்கி. அது இன்னும் வேலை செய்கிறது.

சேர்ந்து பாடுவதற்கு

இங்கேதான் எங்கள் ஆசை பெரிதாக இருந்தது. காணொளி அழைப்பு இருக்கும்போது வெளியூரில் இருப்பவர்களும் ஏன் சனிக்கிழமைப் பழக்கத்தில் சேரக்கூடாது? ஒரு சனி இரவு முயன்று பார்த்தோம். எங்களுக்குப் பத்து மணி, துபாயில் எட்டரை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கு அனுமதியில்லை, செய்தியும் குரற்பதிவும் மட்டும் போகும். அதனால் ஸூம் வைத்தோம். ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் தொலைபேசியைச் சாய்த்து, கூத்தாடும் களரியைப் பார்க்கும்படி வைத்தோம். அண்ணாவியார் தாளச் சொற்களான தாளக்கட்டைச் சொல்லி மத்தளத்தில் கை வைத்தார்.

துபாயில் இருந்தவர் முகம் சுருக்கினார். மத்தளம் கேட்கவில்லை என்றார். அண்ணாவியாரின் குரல் கேட்கிறது, மத்தளம் அடிக்கும் இடத்தில் மட்டும் ஒலி அமுங்கி விழுந்து எழுகிறது. பிறகுதான் விளங்கியது: இந்தச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சைத் தவிர மற்றவற்றை இரைச்சல் என்று கருதி அழிக்கும். மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் அதற்கு இரைச்சல். ஸூமில் மூல ஒலியை அப்படியே அனுப்பும் ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டதும் மத்தளம் வந்தது.

அப்போது அடுத்த இடர் தெரிந்தது. அவர் பிற்பாட்டுப் பாடினார். ஒவ்வோர் அடியும் பிந்தி வந்தது. அவர் மேல் குற்றமில்லை. காற்றில் ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் போகும். பத்து மீற்றர் தள்ளி நிற்பவருக்கு மத்தளம் ஏறத்தாழ 30 மில்லிசெக்கன் பிந்திக் கேட்கும். அதுவரைக்கும் மனிதர் சேர்ந்து தாளம் பிடிக்கலாம், அதற்கு மேல் போனால் தடுமாறும். காணொளி அழைப்பில் ஒரு வழிக்கே 150 மில்லிசெக்கன் ஆவது சாதாரணம். அது ஐம்பது மீற்றர் தள்ளி நிற்பதற்குச் சமம். அவர் கேட்டுப் பாடி அது எங்களுக்கு வந்து சேரும்போது நூறு மீற்றர். நெல்வயலின் ஒரு தலைப்பில் மத்தளத்தை வைத்து மறுதலைப்பில் ஆட்டக்காரரை நிறுத்தியது போலாகிவிடும். டேட்டாவைக் கூட்டினாலும் புதிய தொலைபேசி வாங்கினாலும் கடல் கடந்து போகும் தூரம் குறையாது. கூத்தில் பாட்டும் மத்தளமும் காலும் ஒரே இடத்தில் விழவேண்டும். ஒரு வேடம் களரிக்கு வரும்போது ஆடும் வரவுத் தாளத்தை முடிக்கும் தீர்மானத்தில் ஒரு மயிரிழை பிசகினால்கூடச் சபை கண்டுபிடித்துவிடும். அன்றிரவு நாற்பது நிமிடத்தில் ஸூம் தானாக நின்றது. இலவசக் கணக்குக்கு அவ்வளவுதான். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஒரு மணித்தியாலம் கிடைக்கும். இரண்டில் எதை வைத்தாலும் இந்தப் பிந்தல் போகாது.

ஆகவே என் முடிவு: காணொளி அழைப்பில் சேர்ந்து பாடும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அதைக் கூட்டத்துக்கும், உடுப்பின் நிறம் பார்ப்பதற்கும், அண்ணாவியார் ஒருவரைத் தனியே பாடவைத்துப் பிழை திருத்துவதற்கும் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் பாட மற்றவர் கேட்பதென்றால் பிந்தல் தொல்லை தராது.

பழகுவதற்கு முன்கூட்டியே எடுத்த பதிவே சிறந்தது. இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாட்ஸ்அப் குரற்பதிவைக் கேட்கும்போது வேகத்தைக் கூட்டத்தான் வசதி உண்டு, ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று. புதிதாகப் பழகுகிறவருக்குத் தேவை மெதுவாகக் கேட்பது. யூடியூப்பில் பாதி வேகத்திலும் அதற்குக் கீழும் பார்க்கலாம். கால் வைப்பதைப் பாதி வேகத்தில் திரும்பத் திரும்பப் பார்த்துப் பேராதனை மாணவர் மூன்று கிழமையில் ஒரு வரவு ஆட்டத்தைப் பிடித்துவிட்டார். காணொளியைப் பட்டியலிடாமல் வைத்தால் இணைப்பு உள்ளவர்கள் மட்டுமே பார்ப்பார்கள். அரங்கேறாத கூத்தை ஊருக்கு முன் உலகத்துக்குக் காட்டுவதை அண்ணாவியார் விரும்பமாட்டார், அது நியாயமும்கூட.

இன்னொன்று, பாட்டைக் குரற்பதிவுப் பொத்தானை அழுத்திப் பதியவேண்டாம். அது பேச்சுக்காக ஒலியை மிகவும் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். தொலைபேசியில் உள்ள ஒலிப்பதிவுச் செயலியில் பதிந்து, அதை ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்த தரத்திலேயே போய்ச் சேரும். காணொளிக்கும் இதே வழிதான்.

கொப்பியைத் திருத்துவதற்கு

கூத்துக் கொப்பி என்பது ஒரே நூல் இல்லை. எங்கள் ஊரில் ஒரே கூத்துக்கு மூன்று கைப்பிரதிகள் இருக்கின்றன. ஒன்றில் இருக்கும் தரு மற்றதில் இல்லை, ஒன்றில் மன்னன் சொல்வதை மற்றதில் மந்திரி சொல்கிறான். போன முறை ஒருவர் அதைத் தட்டச்சுச் செய்து வேர்ட் கோப்பாக வாட்ஸ்அப்பில் போட்டார். இன்னொருவர் திருத்தி "இறுதி" என்று பெயரிட்டுப் போட்டார். பிறகு "இறுதி 2", "இறுதி புதியது", "அண்ணாவியார் பார்த்தது". பழக்கத்தன்று இரண்டு ஆட்டக்காரர் ஒரே இடத்தில் இரண்டு பாட்டுப் பாடினார்கள். இருவரும் தங்கள் கையில் இருந்ததைச் சரியாகத்தான் பாடினார்கள்.

அதைவிடப் பெரிய தடை பாமினி. இலங்கையில் தட்டச்சுக் கடைகளில் காலம் காலமாக ஓடிவந்த எழுத்துரு அது. கணினியில் அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவும் கலந்த குழப்பம். கொழும்பில் இருப்பவரின் தொலைபேசியில் எங்கள் காப்பு விருத்தம் அப்படித்தான் திறந்தது. யூனிகோடுக்கு மாற்றினால் எந்தத் தொலைபேசியிலும் தமிழாகவே தெரியும், ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடவும் முடியும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பின் ஒரு தரம் வாசித்துப் பார்க்கவேண்டும், சில இடங்களில் கொம்பும் காலும் பிசகும். வேறு எந்த முடிவை எடுப்பதற்கு முன்பும் எந்தக் கழகமும் செய்யவேண்டிய வேலை இது.

கூகுள் டாக்ஸ் இந்தப் பகுதியில் தெளிவாக வெல்கிறது. கோப்பு ஒன்றே, எல்லோரும் பார்ப்பது அதையே. சூரிச்சில் மச்சான் ஒரு சொல்லை மாற்றினால் இங்கே அடுத்த கணமே தெரியும். ஆனால் நேரடியாகத் திருத்தும் உரிமையை இருவருக்கு மேல் கொடுக்கக்கூடாது. மற்றவர்கள் பரிந்துரை முறையில் எழுதட்டும். அதில் பழைய சொல் கோடிட்டு நிற்கும், புதிய சொல் பக்கத்தில் நிறம் மாறி நிற்கும், யார் சொன்னது என்ற பெயரும் இருக்கும். ஏற்பதும் மறுப்பதும் பிறகு. எங்கள் கோப்பின் இணைப்பை "யாரும் திருத்தலாம்" என்று விட்டிருந்தபோது ஒரு வீட்டில் சிறு பிள்ளையின் விரல் பட்டு ஒரு காட்சி முழுவதும் அழிந்தது. பதிப்பு வரலாற்றைத் திறந்து முந்தைய நாள் நிலைக்குப் போய் மீட்டெடுத்தோம். வாட்ஸ்அப்பில் சுற்றும் கோப்புக்கு அந்த வரலாறு கிடையாது.

இந்தப் பரிந்துரை முறை எங்கள் கழகத்தில் இன்னொரு நன்மையும் செய்தது. கூத்தின் மூலத்தைத் தொடலாமா என்பது மட்டக்களப்பில் பழைய விவாதம். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுபோனார். பிறகு மட்டக்களப்பின் சீலாமுனை ஊரில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் என்ற பெயரில் இயங்கிய குழுவினரும் ஊரவர்களோடு இருந்து கூத்தை மீளுருவாக்கினார்கள். எங்கள் ஊரிலும் பெண்களை இழிவாகப் பேசும் சில அடிகளை மாற்றவேண்டும் என்று இளம் பெண்கள் சிலர் கேட்டார்கள். கூட்டத்தில் கேட்டபோது மூத்தவர்கள் குரல் உயர்ந்தது, பேச்சு முடிந்துபோனது. அதே பெண்கள் கோப்பில் ஒவ்வோர் அடியின் பக்கத்திலும் மாற்று அடியை, சந்தம் குலையாமல் எழுதி வைத்தார்கள். அச்சடித்து அண்ணாவியாரிடம் கொடுத்தோம். இரண்டு நாள் வைத்திருந்தார். ஏழில் நான்கை ஏற்றார். ஐந்தாவதற்குத் தானே வேறோர் அடி எழுதினார். "இது பாட்டாகவே வந்திருக்கிறது மகள்" என்று ஒருத்தியிடம் சொன்னார். கூட்டத்தில் எழும்பிப் பேச முடியாத ஒருவருக்கு எழுதிக் காட்ட இடம் கொடுக்கும் கருவி என்பதாலேயே இதை நான் முதலிடத்தில் வைக்கிறேன்.

குறை: டாக்ஸ் அந்த மலிவுப் பொதியில் ஓடாது, சிறிய திரையில் நீண்ட கோப்பு சிரமம், மூத்தவர்கள் தொடமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரு பிரதி அச்சடித்து அண்ணாவியாரிடம் போகிறது. அவர் சிவப்புப் பேனாவால் திருத்துகிறார், ஒரு பிள்ளை அதைக் கோப்பில் ஏற்றுகிறது. கையில் தாள் வேண்டும் என்பவர்களுக்குப் போட்டோக்கொப்பி. இந்த ஏற்பாட்டில் வேகம் இல்லை. கூத்துக்கு வேகம் தேவையும் இல்லை.

வைத்திருப்பதற்கு

டெலிகிராம் இந்தப் போட்டியில் மிக அருகில் வந்தது. இளைஞர்கள் அதையே கேட்டார்கள், அவர்கள் சொன்ன காரணங்கள் வலுவானவை. குழுவை அப்படி அமைத்தால் இன்று சேர்பவரும் முதல் நாளிலிருந்து போட்ட எல்லாவற்றையும் பார்க்கலாம். ஒரு கோப்பு 2 ஜிகாபைட் வரை போகும். தொலைபேசி தொலைந்தாலும் கோப்புகள் இணையத்தில் இருக்கும். அண்ணாவியாரின் பாட்டுகளை அன்றைக்கு அங்கே போட்டிருந்தால் பதினொன்றும் தப்பியிருக்கும். இதை நான் கூட்டத்தில் அப்படியே சொன்னேன்.

இருந்தும் தேர்ந்தெடுக்கவில்லை. முதலாவது, ஊரில் பன்னிரண்டு பேரிடம்தான் அது இருக்கிறது. மற்றவர்களைச் சேர்க்கப்போனால் பாதிப்பேர் வராமல் விடுவார்கள், கழகம் இரண்டாகும். இரண்டாவது, அதன் சாதாரணக் குழுக்கள் வாட்ஸ்அப் போல முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாத பூட்டு) செய்யப்பட்டவை அல்ல. பாட்டுக்கு அது பரவாயில்லை, உறுப்பினர்களின் காசு விபரத்துக்கு ஏற்றதல்ல. மூன்றாவது, கணக்கு ஒருவரின் சிம் இலக்கத்தோடு கட்டப்பட்டது, நீண்ட காலம் திறக்காவிட்டால் தானாகவே அழியும். கழகத்தின் சொத்து ஒருவரின் இலக்கத்தில் தொங்குவதைத்தான் நாங்கள் தவிர்க்கப் பார்க்கிறோம்.

கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் கூகுள் ட்ரைவிலும் நிபந்தனை இல்லாமலில்லை. இலவசமாக 15 ஜிகாபைட். இரண்டு வருடம் யாரும் உள்ளே நுழையாத கணக்கை அழிக்கும் விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கூத்து ஒவ்வொரு வருடமும் நடப்பதில்லை, ஆகவே இந்த விதி எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான ஆபத்து. கழகத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் திறந்து, மீட்பு இலக்கமாகச் செயலாளருடையதையும் மீட்பு மின்னஞ்சலாகப் பொருளாளருடையதையும் கொடுத்திருக்கிறோம். பதவி மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு கடவுச்சொல்லும் கைமாறும். சித்திரைப் புத்தாண்டுக் கிழமையில் ஒரு தரம் உள்ளே போய்வருவது செயலாளரின் கடமை என்று குறிப்பேட்டில் எழுதி ஒப்பமிட்டோம்.

இடம் போதுமா என்று கணக்குப் பார்த்தேன். நல்ல தரத்தில் ஒரு மணித்தியால ஒலிக்கு ஏறத்தாழ 58 மெகாபைட். நான்கு நிமிடப் பாட்டுகள் அறுபது என்றால் நான்கு மணித்தியாலம், ஏறத்தாழ 230 மெகாபைட். பத்துக் கூத்து வைத்தாலும் இடம் மிஞ்சும். காணொளிதான் தின்னும். ஒரு நிமிடம் நூறு மெகாபைட் என்று வைத்தால் விடிய விடிய எட்டு மணித்தியாலம் ஆடும் கூத்துக்கு 48 ஜிகாபைட். அதற்கு ட்ரைவ் சரிவராது. ஒரு வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) வாங்கி அதில் வைக்கிறோம்.

ஒரே இடத்தில் வைப்பதை அண்ணாவியார் ஒப்புக்கொள்ளவில்லை. தன் மாமனாரின் ஏடுகள் 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு போனதை அவர் கண்ணால் கண்டவர். "எழுதினது எங்கே இருந்தாலும் இன்னொன்று வேறு ஊரில் இருக்கவேண்டும் தம்பி" என்றார். அதனால் வன்தட்டின் நகல் ஒன்று வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில் ஓர் உறுப்பினர் வீட்டில் இருக்கும். அரங்கேற்றம் முடிந்த பிறகு கொப்பியின் ஒரு பிரதியையும் ஒலிப்பதிவுகளையும் நூலக நிறுவனத்துக்குக் கொடுக்கவும் கழகம் சம்மதித்திருக்கிறது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவரும் முயற்சி அது, ஒலி, காணொளி ஆவணங்களுக்கும் இடம் உண்டு. எங்கள் கழகம் கலைந்தாலும் பாட்டு அங்கே இருக்கும்.

கூட்டத்தில் ஒருமனதாக எடுத்த ஏற்பாடு இதுதான்: கூப்பிட வாட்ஸ்அப், பழகப் பதிவும் பட்டியலிடாத யூடியூப்பும், கொப்பிக்கு கூகுள் டாக்ஸ், சேமிப்புக்கு ட்ரைவும் இரண்டு வன்தட்டும். கூட்டமாகக் கதைக்கும் தேவை வரும்போது மட்டும் ஸூம். உங்கள் கழகத்தில் எல்லோரும் இளைஞர்கள், எல்லோரிடமும் முழு டேட்டாப் பொதி இருக்கிறது என்றால் நான் டெலிகிராமைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பேன். எங்கள் கழகத்தில் எழுபத்து நான்கு வயதுக்காரர்தான் நடு, மற்றவர்கள் அவரைச் சுற்றி நிற்கிறோம்.

தொலைந்த பதினொரு பாட்டுகளில் இரண்டு சூரிச் மச்சானின் பழைய தொலைபேசியில் கிடைத்தன. மற்ற ஒன்பதையும் தாழ்ந்த சுருதியில் பாடித் தருவதாக அண்ணாவியார் சொல்லியிருக்கிறார். வரும் சனி பின்னேரம் வாசிகசாலை அறையில் பதிவு. மின்விசிறியை நிறுத்தவேண்டும், யன்னல்களைச் சாத்தவேண்டும், தொலைபேசியில் அழைப்பு வராதபடி செய்யவேண்டும், மத்தளம் நான்கு முழம் தள்ளி இருக்கவேண்டும். இரண்டு தொலைபேசிகளில் ஒரே நேரம் பதிவோம். முதற்பாட்டு, மன்னர் வருவதை அறிவிக்கும் கட்டியகாரனின் வரவு.